வேலை இருக்கு, ஆனால் பத்தலை: வாசகர் கேள்விகள்

போன இதழில் வேலையின்மை பற்றி ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "எனக்கு வேலை இருக்கு, பிரச்சினையே அதுதான்" என்கிற ரகம். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. பலரும் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரும் போடவில்லை.

கேள்வி: புள்ளியியலில் முதுகலை முடித்திருக்கிறேன். பார்க்கும் வேலை, ஸ்கேன் செய்து வரும் படிவங்களைப் பார்த்துப் பெயர், பிறந்த தேதி, பாலிசி எண் ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. எட்டு மணி நேர வேலை, மாதம் தவறாமல் சம்பளம். வீட்டில் "அதான் வேலை இருக்கே, அப்புறம் என்ன முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு?" என்கிறார்கள். நான் குறைவேலையில் இருக்கிறேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அப்படி ஒன்று உண்டா, இல்லை நானே கற்பனை செய்துகொள்கிறேனா சார்?

உண்டு. கற்பனை இல்லை. ஆனால் குறைவேலை என்ற ஒரே பேரில் மூன்று வேறு வேறு சங்கடங்கள் அடைபட்டுக் கிடக்கின்றன, அதனால்தான் வீட்டில் சொன்னால் புரிவதில்லை.

முதலாவது, நேரம் போதாதது. வாரத்துக்கு இன்னும் பதினைந்து மணி நேரம் வேலை செய்யத் தயாராக இருப்பார், கொடுக்க ஆள் இருக்காது. இரண்டாவது, திறமைக்கு வேலை இல்லாதது. நீங்கள் இந்த வகை. நேரம் முழுசாகப் போகிறது, படித்ததில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படுவதில்லை. மூன்றாவது, உழைப்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற வருமானம் இல்லாதது.

இதில் முதல் வகைக்கு மட்டும்தான் உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட கணக்கு இருக்கிறது. 1998-ல் ஜெனீவாவில் கூடிய தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு அதற்கு மூன்று நிபந்தனை வைத்தது: கூடுதல் நேரம் வேலை செய்ய விருப்பம் இருக்க வேண்டும், உடனே செய்யக்கூடிய நிலையில் இருக்க வேண்டும், இப்போது செய்யும் நேரம் அந்த நாடு வைத்திருக்கும் வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். திறமை, வருமானம் இரண்டையும் அதே மாநாடு "போதாத வேலை நிலைமைகள்" என்று தனியாகக் குறிப்பிட்டது, ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி அளக்க வழி சொல்லவில்லை. மணியைக் கடிகாரம் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒருவருடைய தலைக்குள் சும்மா கிடப்பதை எதை வைத்து அளப்பது?

அதற்கும் சிலர் முயற்சி செய்திருக்கிறார்கள். அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் ஓர் அங்கமான நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி ஒரு எளிய வழி வைத்திருக்கிறது. ஒரு தொழிலில் இருப்பவர்களிடமே "இந்த வேலைக்குப் பட்டப்படிப்பு தேவையா?" என்று கேட்டதில் பாதிப் பேராவது ஆமாம் என்றால் அது பட்டதாரி வேலை. இல்லையென்றால், அதில் இருக்கும் பட்டதாரி குறைவேலையில் இருக்கிறார். இந்தக் கணக்குப்படி அமெரிக்கப் பட்டதாரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்த நிலையில். புதிதாகப் படித்து வெளியே வந்தவர்களில் பத்தில் நாலு பேர். உங்கள் அறையில் உட்கார்ந்து படிவம் ஏற்றுகிறவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், பதில் உங்களுக்கே தெரியும்.

வீட்டில் சிரிப்பதைப் பற்றி: விடுங்கள். சம்பளம் வருகிறது என்பது அவர்களுக்கு நிம்மதி, அந்த நிம்மதியில் தப்பும் இல்லை. நீங்கள் சம்பளம் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ளவில்லை, வேறு விஷயத்தைச் சொல்கிறீர்கள் என்பதை ஒரு தடவை பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்தால்கூட அரசாங்கக் கணக்கில் "வேலையில் இருப்பவர்" என்று ஒருவர் சொன்னார். புருடாதானே?

புருடா இல்லை, நிஜம். 1982-லிருந்து சர்வதேச அளவுகோல் அதுதான்: கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரமாவது உழைத்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். கேட்டதும் கோபம் வரும். ஆனால் இதில் சதி எதுவும் இல்லை. ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும்போது அந்த ஒரு மணி நேர உழைப்பும் அதில் சேர்கிறது, அதனால் உழைத்தவரையும் சேர்த்தாக வேண்டும். "வேலையில்லாதவர்" என்றால் கொஞ்சமும் வேலை இல்லாதவர் என்று கறாராக வைத்துக்கொண்டால்தான் இரண்டு கணக்கும் இடிக்காது.

தப்பு நடப்பது அதற்கு அப்புறம். இந்த ஒற்றை எண்ணை எடுத்துக்கொண்டு "வேலையின்மை குறைந்துவிட்டது" என்று மேடையில் முழங்கும்போதுதான். முழுநேரத்திலிருந்து வாரம் பத்து மணி நேரத்துக்கு இறக்கப்பட்டவர் அந்த எண்ணில் தெரியவே மாட்டார். அதற்காகத்தான் 2013-ல், முதல் பதிலில் சொன்ன அதே சர்வதேச மாநாடு, வேலையின்மை விகிதத்தோடு நேரக் குறைவேலையையும், வேலை வேண்டும் ஆனால் தேடுவதை விட்டுவிட்டவர்களையும் படிப்படியாகச் சேர்த்து நான்கு அளவுகளாகச் சொல்லச் சொன்னது. அமெரிக்காவில் யூ-3, யூ-6 என்று இரண்டு எண்கள் அடிக்கடி காதில் விழும். யூ-3 வழக்கமான வேலையின்மை. யூ-6-ல், முழுநேர வேலை கிடைக்காமல் பகுதிநேரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவர்களும் தேடிச் சோர்ந்தவர்களும் சேர்ந்து வருவார்கள். கொரோனா முடக்கத்தின் உச்சத்தில், 2020 ஏப்ரலில், முதல் எண் 15 சதவீதத்தை ஒட்டி இருந்தது, இரண்டாவது 23-ஐ ஒட்டி.

அடுத்த முறை செய்தியில் வேலையின்மை விகிதம் என்று வந்தால் "எந்த விகிதம்?" என்று கேளுங்கள். பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: பெரிய கடை ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு வாரம் 28 மணி நேரம், அடுத்த வாரம் 12. ஷிஃப்ட் பட்டியல் ஞாயிறு ராத்திரிதான் போனுக்கு வரும். இன்னொரு இடத்தில் பகுதிநேரம் பார்க்கலாம் என்றால் "எந்த நேரம் கூப்பிட்டாலும் வர வேண்டும்" என்று இங்கே எழுதி வாங்கியிருக்கிறார்கள். போன மாதம் புதிதாக நாலு பேரை எடுத்தார்கள், எனக்கு மட்டும் மணி நேரம் ஏறவில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது: நாலு பேரை எடுத்தார்கள்.

ஆளுக்கு முப்பத்தைந்து மணி நேரம் என்று ஆறு பேரை வைத்துக்கொள்வதைவிட ஆளுக்குப் பதினெட்டு என்று பன்னிரண்டு பேரை வைத்துக்கொள்வது முதலாளிக்கு வசதி. ஒருவர் வரவில்லை என்றால் கூப்பிட இன்னொருவர் இருப்பார். கூட்டம் வரும் நேரத்தில் ஆள் குவிக்கலாம், இல்லாத நேரத்தில் வீட்டுக்கு அனுப்பலாம். எந்த மணிக்கு எத்தனை பில் போடப்படும் என்று மென்பொருளே கணித்துச் சொல்கிற காலம் இது. பல நாடுகளில் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் போனால் முதலாளிக்குச் செலவு கூடும் என்பதும் ஒரு காரணம். அமெரிக்கச் சட்டப்படி வாரம் சராசரி 30 மணி நேரம் வேலை பார்ப்பவர் முழுநேர ஊழியர், பெரிய நிறுவனங்கள் அவருக்கு மருத்துவக் காப்பீடு தந்தாக வேண்டும், இல்லையென்றால் அபராதம். 29-ல் நிறுத்திவிட்டால்? அவ்வளவுதான் விஷயம்.

வியாபாரம் ஏறி இறங்கும் ஆபத்தை முதலாளியின் தோளிலிருந்து இறக்கி உங்கள் தோளில் வைத்திருக்கிறார்கள். இதற்குப் பேர் "வளைந்து கொடுக்கும் பணிமுறை". வளைவது யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் பிரச்சினை 12 மணி நேரம் என்பதைவிட, அந்த 12 எப்போது வரும் என்று தெரியாதது. நிலையாக 18 என்று இருந்தால் மீதி நேரத்துக்கு இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம், படிக்கலாம். ஞாயிறு ராத்திரி வரை அடுத்த வாரம் தெரியாது என்றால் வேலை இல்லாத நேரமும் உங்களுடையது இல்லை. சில இடங்களில் இதைச் சட்டம் பிடித்திருக்கிறது. கூப்பிட்டால் வர வேண்டும் ஆனால் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது என்ற பூஜ்ய மணி நேர ஒப்பந்தத்தை நியூசிலாந்து 2016-ல் ஒழித்தது. அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தில் பெரிய சில்லறை வணிக, உணவக நிறுவனங்கள் இரண்டு வாரம் முன்பே பட்டியல் தந்தாக வேண்டும். சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில் நகரங்களில், வெளியிலிருந்து ஆள் எடுப்பதற்கு முன் இருக்கிற பகுதிநேர ஊழியருக்குக் கூடுதல் மணி நேரத்தைத் தர முன்வர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. உங்கள் இடத்தில் என்ன விதி என்பதைத் தொழிலாளர் துறையிலோ சங்கத்திலோ கேளுங்கள்.

விதி எதுவும் இல்லை என்றாலும் ஒன்று செய்யலாம். "எனக்குக் கூடுதல் நேரம் வேண்டும், இந்த இந்த நாட்களில் தயார்" என்று மேனேஜருக்கு வாயால் சொல்லாமல் மெயிலில் எழுதிப் போடுங்கள். கேட்ட மாதிரியும் ஆச்சு, நாளைக்கு "அவர் கேட்கவே இல்லையே" என்று யாரும் சொல்ல முடியாது. வந்த பட்டியலை எல்லாம் அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஏதோ ஒரு வேலை கிடைத்ததே என்று திருப்திப்படாமல் இதற்கும் ஒரு பேர் வைத்துப் புலம்புவது பேராசை இல்லையா?

மூட்டை தூக்கத் தயாராக இருப்பவரிடம் நீ அரை மூட்டைதான் தூக்க வேண்டும், கூலியும் அரைதான் என்று சொன்னால் அவர் முழு மூட்டை கேட்பது பேராசையா? அடுத்த கேள்வி.

கேள்வி: அப்பாவின் அச்சகத்தில் நான், அண்ணன், அப்பா, சித்தப்பா நாலு பேரும் இருக்கிறோம். முன்பு பில் புத்தகம், லெட்டர் பேட் என்று வேலை குவியும். இப்போது காலையில் திறந்ததும் ஒரு ஆர்டரை இரண்டு பேர் செய்கிறோம், இரண்டு பேர் பார்க்கிறோம். எல்லாரும் ராத்திரி வரை கடையில்தான். யாருக்கும் வேலை இல்லை என்று சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அண்ணனிடம் இதைச் சொல்லப் பயமாக இருக்கிறது.

இந்த வாரக் கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

மறைமுக வேலையின்மை என்று பொருளாதாரப் பாடத்தில் வரும். அதை முதலில் எழுதியவர் ஜோன் ராபின்சன் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர், 1936-ல். அவர் மனதில் இருந்தது, 1930-களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நல்ல வேலை போய்த் தெருவில் தீப்பெட்டி விற்கப் போனவர்கள். ஏதோ செய்துகொண்டிருப்பதால் கணக்கில் அவர்கள் வேலையில்லாதவர்கள் இல்லை. பிறகு 1954-ல் ஆர்தர் லூயிஸ் என்ற பொருளாதார அறிஞர் இதை ஏழை நாடுகளின் குடும்ப விவசாயத்துக்கும் சில்லறை வியாபாரத்துக்கும் விரித்தார். ஒரு வயலில் ஐந்து பேர் இருந்து, இரண்டு பேர் வெளியே போனாலும் விளைச்சல் குறையாது என்றால் அந்த இரண்டு பேரின் உழைப்பால் விளைச்சலில் கூடுவது எதுவும் இல்லை என்பது அவர் வாதம்.

இதை எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. தியடோர் ஷுல்ட்ஸ் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் ஒரு விசித்திரமான சோதனையைக் கண்டுபிடித்தார். 1918-19-ல் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் இந்தியாவில் கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. உபரி ஆட்கள் சும்மா இருந்தார்கள் என்பது நிஜமானால் அதற்கு அப்புறமும் பயிரிட்ட நிலப்பரப்பு குறைந்திருக்கக் கூடாது. குறைந்தது. ஆகவே யாரும் சும்மா இல்லை என்றார். அமர்த்தியா சென் மறுத்தார்: கொள்ளைநோய் உபரி ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுப்பதில்லை, ஒரு வீட்டில் எல்லாரும் போகலாம், பக்கத்து வீட்டில் ஒருவரும் போகாமல் இருக்கலாம், அதனால் இந்தச் சோதனை செல்லாது என்று. ஷுல்ட்ஸும் லூயிஸும் ஒரே வருடம், 1979-ல், நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பது உபரித் தகவல்.

உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஒருவர் விலகினால் என்ன நிற்கும் என்பது அறிஞர்களுக்கே உட்கார்ந்த இடத்தில் சொல்ல முடியாத கேள்வி. "நாலு பேர் அதிகம்" என்று அண்ணனிடம் ஆரம்பித்தால் "நான் தண்டச்சோறா?" என்றுதான் அவர் காதில் விழும். அதற்குப் பதிலாக நீங்கள் ஒரு மாதம் வெளியே வேலைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். நீங்கள்தான், அவர் இல்லை. அந்த மாதம் கடையில் எது தாமதமாகிறது, எந்த வாடிக்கையாளர் திரும்பிப் போகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். எதுவும் நிற்கவில்லை என்றால் பேச்சுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. டிசைன் வேலை எல்லாம் உங்கள் தலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தால் அதுவும் நல்லதுதான், திரும்பி வரும்போது சம்பளம் என்று ஒன்றைப் பேசி வாங்கிக்கொண்டு வரலாம். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கல்லாப்பெட்டி, யாருக்கு எவ்வளவு என்று கணக்கே இல்லை என்பதுதான் குடும்பத் தொழிலில் இந்தச் சங்கடத்தை இத்தனை காலம் மறைத்து வைக்கிறது.

கேள்வி: குழந்தைக்காக நானே விரும்பி அரைநாள் வேலைக்கு மாறினேன். நானும் குறைவேலைக் கணக்கில் வருவேனா?

விரும்பி மாறினீர்கள், இன்னும் அதிக நேரம் வேண்டும் என்று இல்லை. அப்படியென்றால் வர மாட்டீர்கள். ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் முழுநேரம் போவேன் என்று உள்ளுக்குள் இருந்தால், கணக்கு எடுப்பவர் "உடனே போகத் தயாரா?" என்று கேட்பார், நீங்கள் இல்லை என்பீர்கள், அதோடு அவர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவீர்கள். நிறையப் பெண்கள் இப்படித்தான் விழுந்துபோகிறார்கள். எனக்கு இந்த நிபந்தனை மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கேள்வி: படிப்புக்கு ஏற்ற வேலை வரும் வரை காத்திருப்பதா, கிடைத்ததில் நுழைந்து அப்புறம் மாறிக்கொள்வதா? சீனியர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கையில் காசு இல்லை என்றால் கேள்வியே இல்லை, நுழையுங்கள். வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு காத்திருக்க யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

கொஞ்ச காலம் தாங்கும் என்றால் யோசிக்க வேண்டும். "அப்புறம் மாறிக்கொள்ளலாம்" என்பது நினைக்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. அமெரிக்காவில் 2018-ல் லட்சக்கணக்கான பயோடேட்டாக்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், பட்டதாரிகளில் 43 சதவீதம் பேருக்கு முதல் வேலையே பட்டம் தேவைப்படாத வேலை. அவர்களில் மூன்றில் இரண்டு பேர் ஐந்து வருடம் கழித்தும் அதே நிலையில். 2016-ல் வெளியான இன்னொரு ஆய்வில் டேவிட் பெடுல்லா என்ற சமூகவியலாளர் கற்பனை விண்ணப்பங்களை நிஜ வேலைகளுக்கு அனுப்பிப் பார்த்தார். கடைசி ஒரு வருடம் தகுதிக்குக் கீழான வேலையில் இருந்ததாகக் காட்டிய விண்ணப்பத்துக்கும், ஒரு வருடம் வேலையே இல்லாமல் இருந்ததாகக் காட்டிய விண்ணப்பத்துக்கும் அழைப்பு ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைந்தது. பகுதிநேரம் என்று போட்ட ஆண்களுக்கும் அதே அடி. பெண்களுக்கு அந்த அடி விழவில்லை, பெண் என்றால் பகுதிநேரம் சகஜம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் போல. நல்லதா கெட்டதா, நீங்களே சொல்லுங்கள்.

என் யோசனை: நுழையுங்கள், ஆனால் பார்த்து நுழையுங்கள். சம்பளம் ஒன்றுபோல இருக்கும் இரண்டு சின்ன வேலை வந்தால் உங்கள் துறையின் வாசலில் இருப்பதை எடுங்கள். கணக்கு படித்தவருக்கு ஒரு மருத்துவமனையின் பில் கவுண்டரும் ஒரு வாகன நிறுத்தத்தின் டோக்கன் கவுண்டரும் ஒன்றில்லை. முன்னதில் கணக்குப் பிரிவு மாடியில் இருக்கிறது, அங்கே ஆள் லீவு போட்டால் உங்களைக் கூப்பிட வாய்ப்பு உண்டு. பயோடேட்டாவில் பதவிப் பெயரை மட்டும் போட்டு நிறுத்தாமல், அங்கே என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள், பொய் இல்லாமல். படிவம் ஏற்றும் முதல் கேள்வி நண்பருக்கும் இது பொருந்தும்: ஏற்றும்போது எந்த இடத்தில் தப்பு அதிகம் வருகிறது என்று ஒரு அட்டவணை போட்டு மேலதிகாரியிடம் கொடுத்தால் அது புள்ளியியல் வேலை. யாரும் கேட்கவில்லைதான். ஆனால் அடுத்த இன்டர்வியூவில் சொல்ல ஒன்று இருக்கும்.

கேள்வி: 52 வயது. இருபத்து நாலு வருடம் தயாரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தேன். ஆலை மூடிவிட்டார்கள். இப்போது ஒரு கிடங்கில் சரக்கு எண்ணி எழுதுகிறேன், பழைய சம்பளத்தில் பாதி. மேலே இருக்கும் தம்பிக்கு என் மகன் வயது. அவர் செய்வது தப்பு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். பொழுது போகவில்லை, கோபம் வருகிறது.

டேனியல் ஃபெல்ட்மன் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர் 1996-ல் குறைவேலைக்கு ஐந்து அடையாளம் எழுதினார்: தேவைக்கு மேல் படிப்பு, தேவைக்கு மேல் அனுபவம், விருப்பம் இல்லாமல் வேறு துறை, விருப்பம் இல்லாமல் பகுதிநேரம், பழைய சம்பளத்தைவிட 20 சதவீதமாவது குறைவு. உங்களிடம் ஐந்தில் மூன்று இருக்கிறது. கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பாதிச் சம்பளத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. தேடுவதை நிறுத்தாதீர்கள், பழைய சக ஊழியர்கள் எங்கெங்கே போனார்கள் என்று போன் போட்டுக் கேளுங்கள், இந்த வயதில் விளம்பரம் பார்த்துக் கிடைப்பதைவிடத் தெரிந்தவர் சொல்லிக் கிடைப்பது அதிகம். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு மட்டும் ஒரு வழி உண்டு. தகுதி மிஞ்சியவர்களுக்கு வேலையில் முடிவெடுக்கக் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்தால் அதிருப்தியும் வேலையை விட்டுப் போகும் எண்ணமும் நன்றாகக் குறைகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. ஆகவே முழுக் கிடங்கையும் திருத்தப் போகாதீர்கள். ஒரே ஒரு மூலையைக் கேட்டு வாங்குங்கள். திரும்பி வரும் சரக்கு, உடைந்த சரக்கு, மாதக் கடைசி இருப்புக் கணக்கு, இப்படி யாருக்கும் பிடிக்காத ஒன்று எல்லாக் கிடங்கிலும் இருக்கும். "தம்பி, இதை நான் பார்த்துக்கட்டுமா? உங்களுக்கு ஒரு தலைவலி குறையும்" என்று கேளுங்கள். "எங்க ஆலையில் எல்லாம்..." என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், அதற்கு அப்புறம் நீங்கள் எவ்வளவு நல்லது சொன்னாலும் அவர் காதில் ஏறாது.